கொக்காடிக் கண்மாய்: படகுப் பதிவேடு

கிராம வரைபடத்தில்
வார் அறுந்த செருப்புப் போல இருக்கும்.
குதி மேற்கே, விரல் கிழக்கே.
விரலுக்கு அப்பால் ஒன்றரை மைல் மணல்,
பனை, உடை, மறுபடி மணல்,
அப்புறம் கடல்.
அது கரிப்பு, இது தித்திப்பு.
நடுவில் யார் சமாதானம் பேசி வைத்தார்களோ,
வரைபடத்தில் இல்லை.

ஆழம் எவ்வளவு என்பார்கள்.
மடையடியில் ஒன்றரை ஆள்.
மற்ற இடமெல்லாம் முழங்கால்,
அதுவும் கார்த்திகையில்.
வைகாசியில் வந்து கேட்காதீர்கள்.

நான் இங்கே டிக்கெட் கிழித்தவன்.
தற்காலிகம், தினக்கூலி.
ஒரு மேசை, ஒரு விசில், ஒரு பதிவேடு,
இரண்டு அன்னப்படகு.
மிதித்தால் போகும். இரண்டாம் எண்ணுக்கு
வலது பெடல் வரும்போதே இல்லை.
திறப்பு விழாவில் அதிகாரி அதில்தான் ஏறினார்.
ஒற்றைக் காலால் மிதித்து மிதித்து
ஒரே இடத்தில் ஒன்பது வட்டம்.
இறங்கும்போது மாலையும் அவரும்
ஒரே பக்கம் சாய்ந்திருந்தார்கள்.

பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒரு கட்டம்:
இதற்கு முன்பிருந்த பொழுதுபோக்கு.
'இல்லை' என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.

கலுங்குக் கல்லில் மூன்று கோடு வெட்டியிருக்கும்,
நீர் அளக்க.
மூன்றாம் கோடு நனைந்தால்தான் மேலிருந்து குதிக்கலாம்,
பையன்கள் போட்ட சட்டம்.
இரண்டாம் கோட்டிலேயே குதித்த சேதுக்கரசுக்கு
முன்பல் இன்றும் பாதிதான்.
அழிகண்மாயன்று ஊத்தாவோடு
நான்கு ஊரும் சேற்றில் இறங்கும்.
கெளுத்தி குத்தி வீங்கின கையை
மாப்பிள்ளை முறுக்குப் போலக் காட்டித் திரிவார்கள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு
எங்கள் ஆண்கள் தொழுகையில் இருப்பார்கள்.
மற்றவர்களும் அந்நேரம் கரைப்பக்கம் வருவதில்லை,
யாரும் சொல்லி வைத்ததில்லை.
அந்த ஒரு மணி நேரம் கண்மாய் பெண்களுடையது.
பாத்திமுத்து குதியிலிருந்து விரல்வரை
நிற்காமல் நீந்துவாள்.
இருளாயி மல்லாந்து மிதந்தபடி
வானத்தைப் பார்த்து மருமகளை வைவாள்.
துவைக்கப் போனதாகச் சொல்ல
ஆளுக்கொரு வாளி.
உனக்கெப்படித் தெரியும் என்றால்,
பாத்திமுத்து என் அக்கா.
வாளி எங்கள் வீட்டு வாளி.
போனபடியே காய்ந்து திரும்பும்.

படகு ஓடியது நாற்பத்தொரு நாள்.
வசூல் ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது.
பிறகு தண்ணீர் மடைப்பக்கம் ஒதுங்கி,
ஒரு போர்வை அளவாகி,
ஒரு கொக்கு நிற்கும் அளவாகி,
கொக்கும் போனது.

மூடு என்று எந்தக் கடிதமும் வரவில்லை.
தினமும் வந்தேன். 'நீர் இல்லை' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
வெடித்த தரையில் பிட்ச் போட்டார்கள்.
முதல் அன்னத்துக்குள் நாகூர்மீரா ஸ்கோர் எழுதினான்.
இரண்டாவதன் கழுத்தில் பட்டால் நாலு,
கொண்டையைத் தாண்டினால் ஆறு,
கரை தாண்டி மிளகாய்க் களத்தில் விழுந்தால்
அவுட், பந்தும் கிடையாது.
மூன்று வருஷம் 'நீர் இல்லை.'

நான்காம் ஐப்பசியில் இரண்டு இரவு பெய்தது.
மூன்றாம் கோடு மூழ்கி
கலுங்கு மறுகால் போனது.
விடிந்து பார்த்தால்
ஒன்றாம் எண் கருவேலத்தில் சிக்கி நிற்கிறது.
இரண்டாம் எண்ணைக் காணோம்.

மத்தியானம் போன் வந்தது.
கடலோரத்திலிருந்து அந்தோணிப்பிச்சை.
"ஒங்க வாத்து எங்க வலையில கெடக்கு."
"வாத்து இல்லண்ணே, அன்னம்."
"என்னமோ. முகத்துவாரத்துல
சுத்திச் சுத்தி வந்துச்சு, புடிச்சுக் கட்டிட்டோம்.
புள்ளைக ஏறி உக்காந்திருக்குக, எறங்க மாட்டேங்குதுக.
எம்புட்டு ஆகும்?"

பதிவேட்டைத் திறந்தேன்.
படகு எண்: இரண்டு.
புறப்பட்ட நேரம்: இரவு.
நபர்கள்: ஒருவருமில்லை.
கட்டணம் என்ற இடத்தில்
மழைத்துளி விழுந்து மை பரவியது, துடைக்கவில்லை.
திரும்பிய நேரம்:

அன்று வெள்ளிக்கிழமை.
மணி பன்னிரண்டு இருபது.
மேசையை மடக்கிக்கொண்டு கிளம்பினேன்.
எதிரே அக்கா வந்துகொண்டிருந்தாள்,
கையில் வாளி.